ரோலிங் மில் பாடகர்

அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. யார் எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்துக்கொண்டு “சரி” என்பார். கேட்டது என்னவென்று அதற்குப் பிறகுதான் யோசிப்பார். கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. நான் அதே மில்லில் ஸ்டோர்ஸ். அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லையா, அவரைக் கேட்பார்கள். பண்டிகை நாளில் ஃபர்னஸ் பக்கம் நிற்க ஆள் வேண்டுமா, அவரைக் கேட்பார்கள். கேன்டீனில் குழம்பு தீர்ந்துபோனால் பரிமாறுகிறவர் வரிசையில் அவர் எங்கே நிற்கிறார் என்றுதான் தேடுவார்.

“உனக்கு மோர் ஊத்தட்டா?”

“சரி.”

இப்படிப்பட்ட மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது கரண்ட் போன ஒரு காலைப் பொழுதில் தெரியவந்தது.

மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. உருளைகளுக்கு இடையிலிருந்து கம்பி செக்கச்செவேலென்று பாய்ந்து வரும். அதன் முனையை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிட வேண்டும். அதுதான் அவர் வேலை. அன்றைக்கு நான் ஏதோ பேரிங் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன். திடீரென்று எல்லாம் நின்றது. அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் நிற்கத் தெரியாமல் ஷெட் முழுக்க ஓடியது. கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து, யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்குவதுபோல. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இடுக்கியைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். பாதி வரியில் வாயை மூடினார். தலை குனிந்தது.

டீ நேரத்தில் அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணே, கத்துனது நீங்களா?”

“மில்லு ஓடிக்கினு இருக்க சொல்ல எனக்கே கேக்காது பாய். அதான் தைரியமா உட்டுருவேன்.”

“இன்னா பாட்டு அது?”

“பாட்டுலாம் இல்ல. மனசுல வரத்து.”

எனக்குப் பழவேற்காடு. வீட்டில் கருவாட்டு வியாபாரம். மஸ்கட்டிலிருந்து திரும்பிய அண்ணன் ஒரு எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்து, இரண்டே மாதத்தில் சலித்துப்போய் என்னிடம் கொடுத்துவிட்டான். வாப்பாவுக்கு அதன் சத்தம் ஆகாது. அதனால் அது வள்ளூரில் என் சினேகிதன் ஜெபா வீட்டில் இருந்தது. ஜெபா அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். சர்ச்சில் டிரம்ஸ் வாசித்துப் பழகியவன். நாங்கள் இரண்டு பேரும் பாட ஆள் இல்லாமல் வெறுமனே வாசித்துக்கொண்டிருந்த காலம் அது.

“எங்ககூடப் பாடறீங்களாண்ணே?” என்றேன்.

“சரி” என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் ‘சரி’யைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய மனைவி. தேர்வாய் கண்டிகையில் கையுறை தைக்கும் கம்பெனியில் வேலை செய்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிப் போக நான் பைக்கில் போனபோது, என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

“இவரு வரேன்னு சொன்னாரா, சரின்னு சொன்னாரா?”

“சரின்னாரு அண்ணி.”

“ரெண்டும் வேற வேற தம்பி. நல்லா கேட்டுக்கோ. எனுக்கே அது கல்யாணம் ஆயி ரொம்ப நாளு கழிச்சிதான் புரிஞ்சுது.”

ஜெபா வீட்டின் பின்னறையில் அவர் சுவரைப் பார்த்து நின்றுதான் பாடினார். எங்களைப் பார்த்துப் பாட வரவில்லை. கிடாரை மெதுவாக வாசித்தால் குரலும் தொண்டைக்குள் போய்விடும். “சத்தம் கம்மியா கீது பாய்” என்பார். ஏற்றுவோம். “இன்னும் கொஞ்சம்” என்பார். ஆம்ப்ளிஃபயர் கதற, ஜெபா டிரம்ஸை உடைக்கிற மாதிரி அடிக்க, அப்போதுதான் அந்தக் குரல் வெளியே வரும். நாங்கள் ராக் பேண்ட் ஆனது இப்படித்தான். அந்தச் சத்தத்துக்குள் மட்டும்தான் அவர் வாயைத் திறந்தார். ‘ரோலிங் மில்’ என்று பெயர் வைத்தவன் ஜெபா. வைத்துவிட்டு அவனே ரொம்ப நேரம் சிரித்தான்.

பாட்டெல்லாம் அவருடையது. பேசும்போது ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்கிறவர், பாடும்போது மேனேஜரை, கான்ட்ராக்டரை, பஸ்ஸை லேட்டாக எடுக்கிற டிரைவரை, எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டீ சாப்டலாமா?” என்று எங்களிடம் அனுமதி கேட்பார்.

பாட்டுகள் ஓர் ஆல்பத்துக்குச் சேர்ந்ததும் ரெக்கார்டிங் செய்ய இடம் தேடினோம். ஜெபா வீட்டுக்கு வெளியே நாள் முழுக்கச் சாம்பல் லாரி ஓடும். ஸ்டூடியோ எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஜெபாவின் மச்சான் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அங்கே ஏற்றுமதி இறால் கொண்டுபோகிற, பழுதான குளிர்பதனக் கன்டெய்னர் ஒன்று சும்மா கிடந்தது. கனமான சுவர். கதவை மூடினால் வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. இறால் வாடை மட்டும் போகவில்லை. தரையில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டை வழியாக வயரை உள்ளே இழுத்து, ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு டேபிள் ஃபேன் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்தோம். அந்தக் கதவுக்குப் பிடி வெளிப்பக்கம்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் வாட்ச்மேன் வெளியிலிருந்து மூடுவார். தட்டினால் திறப்பார். கதவு மூடுகிற ஒவ்வொரு தடவையும் நான் பிடியில்லாத அந்த உள்பக்கத்தையே பார்ப்பேன். அவருக்கோ அது பிடித்திருந்தது. “இங்க யாரும் கூப்பிட முடியாது இல்ல” என்றார் ஒருமுறை.

கடைசிப் பாட்டை எடுத்த ஞாயிறு, கதவை மூடிவிட்டு வாட்ச்மேன் ஏதோ டிரெய்லர் வந்ததென்று கேட் பக்கம் போயிருக்கிறார். நாங்கள் உள்ளே இருப்பது தெரியாத கிரேன் டிரைவர் இன்னொரு கன்டெய்னரைத் தூக்கிவந்து எங்கள் கதவோடு ஒட்ட வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். உள்ளே எங்களுக்குத் தெரிந்தது ஓர் அதிர்வு. உடனே வெளிச்சம் போனது. ஃபேன் நின்றது. வயர் எங்கோ நசுங்கியிருக்க வேண்டும். லேப்டாப் திரையின் வெளிச்சம் மட்டும் எங்கள் மூன்று முகத்திலும் நீலமாக விழுந்தது.

தட்டினோம். கத்தினோம். ஜெபா டிரம் ஸ்டாண்டைக் கழற்றிக் கதவை இடித்தான். போனில் சிக்னல் இல்லை. மத்தியான வெயில் மேலே காய, உள்ளே வெக்கை ஏறிக்கொண்டே போனது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சை இழுக்க இழுக்க அது பாதியில் நின்றுவிடுவதுபோல இருந்தது. நான் அழ ஆரம்பித்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“பயந்துக்கினா மூச்சு ஜாஸ்தி வாங்கும் பாய். யாராவது வருவாங்க. பேட்டரி கீதா பாரு.”

“கீதுண்ணே.”

“மைக்கு?”

“அது லேப்டாப்லயே ஓடும்.”

“அப்ப அந்தப் பாட்ட எடுத்துரலாம்.”

ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் இல்லை. கிடாரின் கம்பிகள் வெறுமனே முனகின. ஜெபா டிரம்ஸை விட்டுவிட்டுச் சுவரைக் கையால் தட்டினான். சத்தமே இல்லாத இடத்தில் அவர் பாடி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

*ஊட்டுக்குப் போவணும் சார்*
*ஊட்டுக்குப் போவணும்*
*உப்பு பூத்த சட்டையோட*
*ஊட்டுக்குப் போவணும்*

அதுவரை ஒத்திகை பார்த்தது இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பக் கத்தி முடிப்பதாகத் திட்டம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. எங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பாடினார்.

*கேட்டைப் பூட்டி சாவிய வச்சிக்கினு*
*இன்னா அவசரம்னு கேக்குற*
*கேட்டுக்கு அந்தாண்ட ஒரு உசுரு*
*வாசலப் பாத்துக்கினு கீது*

பாடி முடித்ததும் லேப்டாப்பில் பதிவை நிறுத்தினேன். பிறகு நான்தான் கேட்டேன், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று.

“எங்க நைனா” என்றார். “பொன்னேரி ஆஸ்பத்திரில இழுத்துக்கினு இருந்தாரு. ஷிஃப்ட் முடிஞ்சு கெளம்பறேன், சூப்பர்வைசர் வந்து, ரிலீவர் வரல, இன்னும் கொஞ்ச நேரம் இருன்னாரு. சரின்னுட்டேன்.”

“அப்பா இப்பிடி கீறாருன்னு சொல்லலியா?”

“அவரு கேக்கல.”

“சொல்லியிருந்தா உட்டுருப்பாரேண்ணே.”

“உட்டுருப்பாரு. நல்ல மனுஷன்.”

“அப்ப கேட்டைப் பூட்டுனது யாரு?”

“நான்தான் பாய். சாவி என்கிட்டதான இருந்துச்சு.”

சாயங்காலம்போல கிரேன் டிரைவர் வந்து கன்டெய்னரை நகர்த்தினான். கதவு திறந்ததும் நான் ஓடிப்போய்ச் சரளைக்கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டேன். வாட்ச்மேன் நடுங்கிப்போய் அவர் கையைப் பிடித்து, “மேல சொல்லிறாதப்பா” என்றார். “சரி” என்றார் அவர்.

ஆல்பத்துக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்து இணையத்தில் ஏற்றினோம். முதல் இரண்டு மாதம் கேட்டவர்கள் எங்கள் வீட்டாரும் ஜெபாவின் சர்ச் ஆட்களும்தான். அவர்களிலும் பாதிப் பேர் தலைவலிக்கிறது என்றார்கள். சென்னையில் இசை நிகழ்ச்சி நடத்துகிற ஒருவர் கூப்பிட்டு, குரல் பிரமாதம், ஆனால் ‘ஊட்டுக்கு’ என்பதை ‘வீட்டுக்கு’ என்று மாற்றிப் பாடினால் மேடை தருவதாகச் சொன்னார். இவர் சரி என்றுவிட்டார். ஒரு வாரம் முயன்றோம். ‘வீ’ என்று எடுத்தாலே அந்தக் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோல ஆகிவிடும். அடுத்த வரியில் தானாக ‘ஊட்டுக்கு’ வந்துவிடும். சென்னைக்காரர் அதன்பிறகு போன் எடுக்கவில்லை. சுவரைக் கையால் தட்டிய சத்தத்தை எந்தக் கருவியில் எடுத்தீர்கள் என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார். எங்களுக்கு வந்த ஒரே விமர்சனம் அது.

பாட்டு பரவியது வேறு வழியில். கம்பெனி பஸ்களில் யாரோ போட ஆரம்பித்தார்கள். எங்கள் மில்லில் பாதிக்குமேல் பீகார், ஒடிசா பசங்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராகத் தங்கி, ஊருக்கு வருஷம் ஒருமுறை போகிறவர்கள். அவர்களுக்குத் தமிழில் முதலில் வந்த முழு வாக்கியம் ‘ஊட்டுக்குப் போவணும்’ என்பதுதான் என்று நினைக்கிறேன். இடுக்கியைக் கீழே வைக்கும்போது சொல்வார்கள். டீ கிளாஸைக் கழுவும்போது சொல்வார்கள். அவரைப் பார்த்தால் நெஞ்சில் கை வைப்பார்கள். அவருக்குக் கூச்சம் தாங்காது. வழியை மாற்றிக்கொண்டு சுற்றிப் போவார்.

அது எச்.ஆர். மேனேஜர் காதுக்கும் போனது. பாதுகாப்பு வாரம் வந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மூடில் இருந்தார்.

“ஹெல்மெட் போடு, பத்திரமா வீட்டுக்குப் போ. இதத்தான நாங்களும் சொல்றோம்? உங்க பாட்டையே வச்சுக்கலாம். மேடையில நீங்களே பாடுங்க. டைரக்டர் வர்றாரு.” பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, “அந்த கேட்டு, சாவி வர்ற எடம் மட்டும் வேணாம்ப்பா. உன் பெர்மனென்ட் விஷயத்த நான் பேசறேன்.”

அவர் தரையைப் பார்த்தார். “சரி சார்.”

ஜெபாவுக்குக் கோபம். “அந்த நாலு வரி இல்லன்னா அது இன்னா பாட்டுண்ணே?” என்று சண்டை போட்டான். பல வருஷமாக அவர் காத்திருந்தது பெர்மனென்ட் என்ற அந்த ஒரு சொல்லுக்காக என்று ஜெபாவுக்கும் தெரியும். அது கிடைத்தால், இஷ்டப்பட்டால் மட்டும் டபுள் ட்யூட்டி பார்த்தால் போதும். கையுறைக் கம்பெனியை விட்டு மனைவி வீட்டில் இருக்கலாம். கடைசியில் ஜெபாவும் வாசிக்க வந்தான்.

மில் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசையில் டைரக்டரும் ஆபீஸ்காரர்களும். பின்னால் ஷிஃப்ட் முடிந்து குளிக்காமல் வந்து நின்ற தொழிலாளிகள். மேடையில் சுவர் இல்லை என்பதால் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நல்லாத்தான் பாடினார். சொன்னபடியே அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். நான் கிடாரை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். அதை முடித்து வணக்கம் சொல்லி இறங்குவதாக ஏற்பாடு.

பின்னாலிருந்து பாட்டு வந்தது. முதலில் ஓர் ஓரத்தில். “கேட்டா பூட்டி ஷாவி...” என்று உடைந்த தமிழில். பிறகு எங்கள் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது வரிக்குள் ஷாமியானா முழுக்க அதுதான். யாரும் முஷ்டியை உயர்த்தவில்லை. நின்ற இடத்தில் நின்று, நேராக முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். எனக்குக் கை நிற்கவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக மூடி, அந்த நான்கு வரியும் முடியும்வரை அப்படியே நின்றார்.

கூட்டம் கலைவதற்குள் எச்.ஆர். அறையிலிருந்து ஆள் வந்தது. நானும் அவரும் போனோம். மேனேஜர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“யாரு ஆரம்பிச்சது? அந்த நார்த் பசங்கதான? எந்த ரூமு? சொல்லு, நாளைக்கே அத்தன பேரையும் டிரெயின் ஏத்தி விட்டுர்றேன்.”

“நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்” என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“நீயா? நீ எதுக்குய்யா இத...” மேனேஜர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். “அந்த வரி கம்பெனியத்தான சொல்லுது?”

“ஆமா சார்.”

“நெனச்சுதான் சொல்றியா?”

“ஆமா சார்.”

கான்ட்ராக்டருக்கு அப்போதே போன் போனது. அவருடைய கேட் பாஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தோம். செக்யூரிட்டி அவர் சாப்பாட்டுப் பையைச் சோதித்து அனுப்பினார். என் பைக்கில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போனேன். ரயில்வே கேட்டில் நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை.

“அது உங்களப் பத்தி எழுதுனதுதானண்ணே? கேட்டைப் பூட்டுனது நான்தான்னு நீங்களே சொன்னீங்க. அத அவர்கிட்ட சொல்லியிருந்தா விட்டுருப்பாரே.”

சரக்கு ரயில் போய் முடிந்து கேட் மேலே ஏறத் தொடங்கியது.

“சொல்லியிருந்தா, அவுங்க பாடுனது பொய்யா பூடும் பாய்” என்றார்.

அந்தப் பசங்களை யாரும் அனுப்பவில்லை. இன்றைக்கும் அதே மில்லில்தான் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். அவர் ஆந்திர எல்லையைத் தாண்டித் தடா பக்கம் இன்னொரு மில்லுக்குப் போனார். அங்கேயும் கான்ட்ராக்ட்தான், அங்கேயும் ரிலீவர் வராத நாள்களில் அவரைத்தான் கேட்கிறார்களாம். ஜெபா டிரம்ஸை சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டான். எங்களுக்கு இரண்டாவது ஆல்பம் கிடையாது.

பாஸை வைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் வீட்டில் இறங்கியதும், “வேல பூடுச்சு” என்று மனைவியிடம் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் குளிக்கப் போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மேனேஜர் கேட்டது, இவர் சொன்னது எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒண்ணு சொல்லு தம்பி” என்றார். “ஆமா சார்னு சொல்ல சொல்ல தலைய நிமித்திக்கினு சொன்னாரா, குனிஞ்சிக்கினு சொன்னாரா?”

அண்ணிக்குப் பெருமையாக இருக்கட்டுமே என்று நிமிர்ந்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் வரவில்லை.

“குனிஞ்சிக்கினுதான் அண்ணி. எப்பவும் போல.”

அண்ணி முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“நிமிந்து சொல்லியிருந்தா ஏதோ ஆவேசத்துல சொன்னாருன்னு நெனச்சிருப்பேன்” என்றார். “அப்ப அவரேதான் நெனச்சு சொல்லியிருக்காரு.”

உள்ளே போய் மூன்று தட்டு எடுத்து வைத்தார்.